சீட்டுப் பணம் 50,000: கடனை அடைப்பதா, கையில் வைப்பதா?

மல்லிகைக்கொடி:
எல்லோருக்கும் வணக்கம். தீபாவளி முடிந்ததிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே பேச்சு இதுதான். என் கணவர் சேலம் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறார். வாரக் கூலி, நல்ல வாரத்தில் 5,000 ரூபாய் வரை வரும். வெள்ளி விலை ஏறினால் கடைக்காரர்கள் ஆர்டரை நிறுத்திவிடுவார்கள். அந்த வாரம் ஒன்றும் கிடைக்காது. நான் ஐந்து ரோடு பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன், மாதம் 15,500. மாமியார், மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் என்று நான்கு பேர். வீட்டுச் செலவு 22,000. கடன் தவணை 5,500 போக, நல்ல மாதத்தில் 7,000 மிஞ்சும்.

மாமனாரின் மருத்துவத்துக்கு வாங்கிய கடனில் மூன்று பாக்கி. நிதி நிறுவனத்தில் தனிநபர் கடன் 1,10,000, வட்டி 18 சதவீதம். வங்கியில் என் நகை மீது 90,000, வட்டி 9 சதவீதம். பட்டறை முதலாளியிடம் வாங்கிய முன்பணம் 60,000, வட்டி கிடையாது. கையிருப்பு 14,000.

தை மாதம் சீட்டு முடிந்து 50,000 வருகிறது. அதை முதலாளியிடம் கொடுத்து முன்பணத்தைத் தீர்க்க வேண்டும் என்கிறார் அவர். ஒரு ரூபாயைக்கூடத் தொடாமல் வங்கியில் போடலாம் என்கிறேன் நான். உங்கள் கருத்து வேண்டும்.

ஓய்வுபெற்ற காசாளர்:
அம்மா, இருவர் சொல்வதும் சரியில்லை. 50,000 ரூபாயையும் 18 சதவீதக் கடனில் கட்டுங்கள். மாதம் 750 ரூபாய் வட்டி குறையும். சேமிப்புக் கணக்கில் போட்டால் பல வங்கிகளில் 2.5 சதவீதம்தான், மாதம் 104 ரூபாய். வட்டியே இல்லாத கடனை முதலில் அடைப்பது எந்தக் கணக்கிலும் சேராது. கூட்டுறவு வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து நான் பார்த்ததில், கணக்கில் பணமும் வெளியில் அதிக வட்டிக் கடனும் ஒன்றாக வைத்திருந்த குடும்பங்கள்தான் மெதுவாகக் கரைந்தன.

சேர்வராயன் மிளகு:
ஐயா, வட்டிக் கணக்கு சரி. ஆனால் 18 சதவீதக் கடனில் கட்டிய பணம் திரும்ப வருமா? தை மாதம் 50,000 கட்டிவிட்டு மாசியில் மாமியார் கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், அந்த நிறுவனம் நேற்றுக் கட்டியதை இன்று எடுத்துக்கொள் என்று சொல்லப்போவதில்லை.

நாங்கள் ஏற்காட்டில் சிறு தோட்டக்காரர்கள். காப்பியும் மிளகும் தரும் பணம் வருடத்தில் சில மாதங்களுக்குள் வந்து முடிந்துவிடும். இரவில் ஒருவருக்கு மூச்சு முட்டினால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் சேலம் போக வேண்டும். வாடகை வண்டிக்காரர் முதலில் டீசலுக்குப் பணம் கேட்பார். தனியார் மருத்துவமனையில் படுக்கைக்கு முன்பே முன்பணம் கேட்பார்கள். அந்த நேரத்தில் நூறு ரூபாய்க்கு இரண்டு ரூபாய் வட்டிக்குத்தான் கைமாற்று கிடைக்கும். 40,000 வாங்கினால் மாதம் 800 வட்டி, அசல் அப்படியே நிற்கும். உங்கள் 750 ரூபாய் லாபம் அங்கேயே முடிந்தது. தங்கையே, மூன்று மாதச் செலவு சேரும்வரை தவணையை மட்டும் கட்டுங்கள்.

ஓய்வுபெற்ற காசாளர்:
மூன்று மாதச் செலவென்றால் 66,000. மாதம் 7,000 மிஞ்சும் வீட்டில் அதுவரை 18 சதவீத வட்டி ஓடவேண்டுமா? பயம் இருந்தால் நகைக் கடனை அடைக்கட்டும். வீட்டுக்கு வந்த நகையை அவசரத்தில் ஒரே நாளில் திரும்ப வைத்துப் பணம் வாங்கலாம். கடனும் குறைகிறது, ஆபத்துக்கும் வழி இருக்கிறது.

சேர்வராயன் மிளகு:
ஞாயிற்றுக்கிழமை எந்த வங்கி நகை வாங்குகிறது? அது அவள் தாய்வீட்டு நகை. வீட்டுக்கு அவசரம் வரும்போதெல்லாம் அவள் கழுத்தில்தான் கை வைக்க வேண்டும் என்பதைத் திட்டமாகவே எழுதி வைக்கிறீர்கள். இதை நான் ஏற்க மாட்டேன்.

மல்லிகைக்கொடி:
அக்கா சொல்வது என் மனதில் இருப்பது. அம்மா போட்ட ஆரமும் இரண்டு வளையலும்தான் வங்கியில் இருக்கின்றன. மீட்டுவிட்டால் மறுபடி வைக்க எனக்கு மனம் வராது.

குகை தறிக்காரன்:
எல்லோரும் அக்கா வீட்டுக்கார அண்ணன் பக்கத்து நியாயத்தைத் தாண்டிப் போகிறீர்கள். முன்பணத்துக்கு வட்டி இல்லை என்று யார் சொன்னது? அந்த வட்டியைக் கூலியில் எடுத்துக்கொள்கிறார்கள்.

விசைத்தறியில் நான் கண்டது இது. ஒருவர் முன்பணம் வாங்கியிருந்தால் கூலி உயர்வு கேட்க முடியாது. கேட்டால், "பாக்கியை வைத்துவிட்டுப் போ" என்பார்கள். வேறு இடம் போனால் புது முதலாளி பழைய பாக்கியைக் கட்டி ஆளை எடுப்பார். அதே தொகை புது நோட்டில் தொழிலாளி பெயரில் ஏறும். இடம் மாறுகிறது, கட்டு மாறுவதில்லை. வேலை இல்லாத வாரத்தில் செலவுக்கு வாங்கும் 2,000, 3,000 ரூபாயும் அதே நோட்டில் சேரும். அக்கா, உங்கள் கணவருக்கு வேறு பட்டறையில் கூலி எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்டீர்களா?

மல்லிகைக்கொடி:
கேட்டேன். பனங்காட்டில் ஒரு பட்டறையில் கிலோவுக்குக் கூலி அதிகம். அவர் வேகத்துக்கு வாரம் 700 ரூபாய் கூடுதலாக வரும் என்கிறார். ஆனால் முழு 60,000 ரூபாயையும் தீர்க்காமல் இப்போதைய முதலாளி விட மாட்டார். பனங்காட்டு முதலாளி அந்தப் பாக்கியைக் கட்டத் தயார். அதைத்தான் என் கணவர் வேண்டாம் என்கிறார்.

ஓய்வுபெற்ற காசாளர்:
இந்தத் தகவல் முதல் பதிவிலேயே வந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். வாரம் 700 என்றால் மாதம் ஏறக்குறைய 3,000, வருடத்துக்கு 36,000. 60,000 ரூபாய்க்கு 36,000 என்றால் 60 சதவீதம். வட்டியில்லாக் கடன் என்று எழுதியிருப்பதுதான் வீட்டில் மிக அதிக விலை கொடுக்கும் கடன். உங்கள் கணவர் சொல்வது சரி. தை மாதமே 50,000 ரூபாயோடு கையிருப்பில் 10,000 சேர்த்துத் தீருங்கள்.

சேர்வராயன் மிளகு:
அப்படியானால் கையில் மிஞ்சுவது 4,000. பனங்காட்டுப் பட்டறைக்கு மட்டும் வெள்ளி விலை தனியாகவா இருக்கும்? அங்கே சேர்ந்த முதல் மாதமே ஆர்டர் இரண்டு வாரம் நின்றால் புது முதலாளியிடமே கை நீட்ட வேண்டும். அங்கும் ஒரு நோட்டுத் தொடங்கும். விடுதலைக்கு வாங்கிய சீட்டுப் பணம் அடுத்த கட்டுக்கு முதலாகிவிடும். முன்பணத்தை அடைக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை, தம்பி சொன்னது என் கண்ணைத் திறந்தது. அடைத்த பிறகும் ஒரு மாதச் செலவு கையில் நிற்க வேண்டும் என்பதுதான் என் வாதம். மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் 7,000 சேர்ந்தால் மொத்தம் 85,000. 60,000 கொடுத்த பின் 25,000 இருக்கும்.

ஓய்வுபெற்ற காசாளர்:
மூன்று மாதம் காத்திருந்தால் 9,000 ரூபாய்க் கூலி போகும். அதற்குள் ஆர்டர் நின்றால் அந்த 7,000 சேராது, சித்திரை ஆவணியாகும். நல்ல நேரத்தில் வெளியே வருவதே மேல்.

குகை தறிக்காரன்:
பனங்காட்டில் அந்த இடம் சித்திரை வரை காலியாக இருக்குமா என்பதையும் பாருங்கள். ஆள் வேண்டும் என்பவர் இன்றைக்குத்தான் கேட்பார்.

சேர்வராயன் மிளகு:
அது நியாயமான கேள்வி. ஆனால் கைத்தொழில் தெரிந்தவருக்குப் பட்டறை கிடைக்காமல் போகாது. கையில் காசில்லாத வாரம் கேட்டுக்கொண்டு வராது. ஒன்று கேட்கிறேன் தங்கையே, உங்கள் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கிறது. கடையில் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்குப் பணம் பிடிக்கிறார்களா? சம்பளத்தில் 0.75 சதவீதம்தான் உங்கள் பங்கு. கணவரும் மகளும் அதில் வருவார்கள். இருந்தால் நீங்கள் சேர்க்க வேண்டிய அவசரப் பணம் குறையும். ஆடிப் பண்டிகை, சீர், பள்ளிக் கட்டணம் இவற்றை மட்டும் அவசரம் என்று அந்தக் கணக்கில் கை வைக்காதீர்கள். அவை எப்போது வரும் என்று நமக்கே தெரியும்.

மல்லிகைக்கொடி:
சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறது அக்கா, அட்டையைத்தான் இதுவரை எடுத்துப் பார்க்கவில்லை. நேற்று இரவு இதையெல்லாம் அவருக்குப் படித்துக் காட்டினேன். 60 சதவீதம் என்ற இடத்தில் நிறுத்தி மறுபடி படிக்கச் சொன்னார். நான்கு ஆயிரத்தோடு நிற்க நான் தயாரில்லை, சித்திரை வரை நிற்க அவர் தயாரில்லை. பங்குனி முடிவில் 78,000 இருக்கும். அன்றைக்கு முன்பணத்தைத் தீர்த்து மீதி 18,000 ரூபாயை இருவர் பெயரிலும் ஒரு கணக்கில் போடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அதன்பின் கூடுதல் கூலி முழுவதும் முதலில் அந்தக் கணக்குக்கு, 22,000 ஆனதும் 18 சதவீதக் கடனுக்கு. பனங்காட்டு முதலாளியிடம் பங்குனி வரை பொறுக்கச் சொல்லி அவர் கேட்டிருக்கிறார்.

ஓய்வுபெற்ற காசாளர்:
தை மாதமே என்பதுதான் இன்னும் என் கருத்து. ஆனாலும் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு, செய்யுங்கள். இரண்டு விஷயம். கணக்கு தொடங்கும்போது "இருவரில் எவரும் அல்லது உயிருடன் இருப்பவர்" என்ற முறையைக் கேளுங்கள். ஒருவர் மருத்துவமனையில் கிடந்தால் மற்றவர் தனியாக எடுக்க முடியும். நகைக் கடனைப் புதுப்பிக்கும்போது ஆரத்தை ஒரு கடனாகவும் வளையல்களை ஒரு கடனாகவும் பிரித்து வையுங்கள். சிறிய தொகை சேர்ந்தாலே வளையலை மட்டும் மீட்டு வரலாம்.

குகை தறிக்காரன்:
முதலாளியிடம் 60,000 கொடுக்கும்போது அண்ணன் தனியாகப் போக வேண்டாம். நோட்டில் அந்தப் பக்கத்தை அவர் முன்னால் அடித்து, "பாக்கி இல்லை" என்று தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். முன்பணம் வாங்கிய அன்று வெற்றுப் பத்திரத்திலோ புரோநோட்டிலோ கையெழுத்து போட்டிருந்தால் அதைக் கையில் வாங்கிய பிறகே பணத்தை எண்ணுங்கள்.

மல்லிகைக்கொடி:
புரோநோட்டு இருக்கிறது தம்பி. நானும் உடன் போகிறேன்.