நூல் நூற்கப் பழகுகிறேன், எனக்கு ஒரு ராட்டை வேண்டும்

திருப்பூரிலிருந்து:

பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. 30-ம் நம்பர் நூல் என்றால் என்ன கனம், எந்தத் துணிக்கு ஆகும் என்பதெல்லாம் அத்துப்படி. ஆனால் பஞ்சு நூலாகிற இடத்தை நான் பார்த்ததே இல்லை. எங்களிடம் வரும்போதே கோனில் சுற்றித்தான் வருகிறது.

போன காந்தி ஜெயந்திக்கு, பலர் கூடி உட்கார்ந்து நூல் நூற்கும் ஒரு நூற்பு வேள்வியில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பாட்டி, கதர் நிலையத்துக்கு நூற்றுக் கொடுத்தே பிள்ளைகளை வளர்த்தவர். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டுப் பையிலிருந்து ஒரு தக்ளியை எடுத்து நீட்டினார். "இழுக்காத கண்ணு. முறுக்கு ஏற விடு, பஞ்சு தானா வரும்" என்றார்.

அடியில் பித்தளை வில்லை கோத்த ஒரு சாண் கம்பிதான் தக்ளி. நுனியில் சின்னக் கொக்கி. கொட்டாங்குச்சியில் நிறுத்தி விரலால் சுண்டினால் சுழலும். பருத்தி இழை ஒவ்வொன்றும் ஒரு அங்குலத்தை ஒட்டித்தான் இருக்கும். முறுக்கு ஏறினால்தான் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். முறுக்கு போதாவிட்டால் அறுந்து விழும், அதிகமானால் சுருண்டு முடிச்சாகும். இரண்டுக்கும் நடுவில் விரல் நிற்கப் பழகியபோது வந்த சந்தோஷம் இன்னும் போகவில்லை.

அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 840 கஜ நீளமுள்ள சிட்டம், அதாவது நூல் சுருள், ஒரு பவுண்டு எடையில் எத்தனை அடங்குகிறதோ அதுதான் நூலின் நம்பர். அப்படியென்றால் 30-ம் நம்பர் நூலில் 150 கிராம் டி-ஷர்ட் ஒன்றுக்குள் சுமார் ஏழரை கிலோமீட்டர் நூல் இருக்கிறது! அப்படி எத்தனை சட்டைகளைத் தினமும் மேஜையில் புரட்டிப் போடுகிறேன்.

தக்ளியில் கை நீளத்துக்கு நூற்றதும் நிறுத்தி, கொக்கியிலிருந்து கழற்றி, கம்பியில் சுற்றி, மறுபடி தொடங்க வேண்டும். பாட்டி தன் பெட்டி ராட்டையில் கொஞ்ச நேரம் உட்கார விட்டார். அன்றைக்குப் பிடித்தது இந்த ஆசை. வலது கை சக்கரத்தைச் சுற்ற, இடது கை பஞ்சுப் பட்டையோடு, அதாவது திரியாக உருட்டிய பஞ்சோடு, பின்னால் போய்க்கொண்டே இருக்கிறது. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் கம்பிதான் கதிர், அதன் நுனியிலிருந்து நூல் வளர்கிறது. கையை முன்னால் கொண்டுவந்தால் அதே கதிரில் சுற்றிக்கொள்கிறது. அன்று ராத்திரி படுத்த பிறகும் என் இடது கை போய் வந்துகொண்டிருந்தது.

அந்தப் பெட்டிக்குள் பெரிய சக்கரம் ஒன்று, சின்னது ஒன்று. மூடினால் கையில் தூக்கிக்கொண்டு போகலாம். காந்தி எரவாடா சிறையில் இருந்தபோது உருவானது என்பதால் எரவாடா சக்கரம் என்றும் சொல்வார்கள்.

அம்பர் சர்க்கா வாங்கலாமே என்றார் தெரிந்த அண்ணன் ஒருவர். ஏகாம்பரநாதன் என்ற தமிழர் உருவாக்கியது அது, அவர் பெயரிலிருந்துதான் அம்பர் வந்தது. ஒரே சமயத்தில் பல கதிர்கள் ஓடும். கூலிக்கு நூற்பவர்களுக்கு அதுதான் சரி. ஆனால் அதில் பஞ்சை இழுப்பவை உருளைகள். எனக்கு அந்த இழுப்பு என் விரலில் நடக்க வேண்டும்.

கடைகளில் தேடினால் நினைவுப் பரிசுக்கான குட்டி ராட்டைகள்தான் அதிகம். சக்கரம் சுற்றும், நூல் வராது. நூற்கிற கருவியைப் பொம்மையாக்கி மேடையில் கொடுப்பது மனசுக்கு வருத்தமாக இருக்கிறது.

1915-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பியபோது காந்தியே ராட்டையைக் கண்ணால் பார்த்ததில்லை. பிறகு அவருக்காகத் தேடி அலைந்து கண்டுபிடித்தவர் கங்காபென் மஜ்முதார். பரோடா சமஸ்தானத்து விஜாபூரில் பல வீட்டுப் பரண்களில் ராட்டைகள் கிடந்தனவாம். பட்டை கொடுத்து நூலையும் வாங்கிக்கொண்டால் மறுபடி நூற்கத் தயார் என்றார்கள் அந்த வீட்டுக்காரர்கள். அதைப் படித்ததிலிருந்து நம் பக்கமும் ஏதாவது ஒரு பரணில் ஒன்று இருக்கும் என்று நம்புகிறேன். தெரிந்தால் சொல்லுங்கள். விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன், தினமும் நூற்பேன்.

விருதுநகர் பக்கத்திலிருந்து:

நான் படித்தது காந்தி சொன்ன கைத்தொழிற் கல்வி முறையில் நடந்த ஆதாரப் பள்ளியில், தங்கச்சி. நூற்பு எங்களுக்கு ஒரு பாடம். பையில் சிலேட்டோடு தக்ளியும் பஞ்சும் இருக்கும். நூற்றதை வாத்தியார் சிட்டமாகச் சுற்றி வாங்கி வைப்பார். எங்கள் கரிசலில் அப்போது கருங்கண்ணிப் பருத்தி. இழை குட்டை, ஆனாலும் கைக்கு நன்றாக வரும். மில்காரர்களுக்கு நீள இழைதான் வேண்டும் என்றான பிறகு அதை விதைப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். அம்மாவிடம் ஒரு ராட்டை இருந்தது. வீடு மாறியபோது எங்கே போனதென்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை, இப்போது கேட்கவும் அவர் இல்லை.

ராட்டை கிடைக்கும்வரை பட்டையில் கவனம் வையுங்கள். கொட்டை நீக்கி, வில்லால் அடித்து, குச்சியில் மெல்லமாக உருட்டியதாக இருக்க வேண்டும். பட்டை சரியில்லை என்றால் எந்த ராட்டையிலும் நூல் முண்டும் முடிச்சுமாகத்தான் வரும்.

மதுரையிலிருந்து:

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் பெட்டி ராட்டை ஒன்று மூடியே கிடக்கிறது. தருவாரா என்று கேட்டுச் சொல்கிறேன். வேறு எங்கே கிடைத்தாலும் முதலில் கதிரைக் கழற்றி ஒரு கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். துளி வளைவு இருந்தாலும் குதிக்கும். குதிக்கிற கதிர் ஓடும்போது நூலை உதறி அறுத்துவிடும். சக்கரக் கயிறு இற்றுப் போயிருந்தால் பரவாயில்லை, பருத்தி நூலை முறுக்கி மெழுகு தேய்த்து நாமே கட்டிக்கொள்ளலாம். நான் வாங்கியதில் கயிறே இல்லை.