‘தெரிமுகம்’: ஃபசெட் என்பதற்கு ஒரு முன்மொழிவு

வணக்கம்.

இணையக்கடைப் பக்கத்தின் ஓரத்தில் நிறம், துணி, விலை, கரை என்று ஒன்றன்கீழ் ஒன்றாக நின்று, தம்முள் சில சதுரப் பெட்டிகளையும் ஒவ்வொரு பெட்டியருகிலும் ஓர் எண்ணையும் காட்டுகின்ற தலைப்புகளை ஆங்கிலத்தில் ஃபசெட் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் கேட்டு எழுந்த கேள்விக்கு இதுவரை வடிகட்டி, பட்டை, பண்புக்கூறு, பன்முகம் என நான்கு விடைகள் வந்துள்ளன. யாழ்ப்பாணத்துப் புடைவைக்கடை ஒன்றுக்காக நான் எழுதிக்கொண்டிருக்கும் தளத்தில் இந்த நான்கையும் இட்டுப் பார்த்தேன். நான்கும் இடறின, ஆனால் இடறிய இடங்கள் வேறு வேறு.

வடிகட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வடிகட்டுதல் ஒரு செயல். ஃபசெட் என்பது அச்செயலுக்கு முன்பே பக்கத்தில் நிற்கும் ஒரு தலைப்பு. வாங்குபவர் எதையும் தொடாவிட்டாலும் நிறம் என்ற ஃபசெட் அங்கே இருக்கிறது, ஆனால் வடிகட்டல் எதுவும் நடக்கவில்லை. அச்சொல்லுக்காகத் தேத்தண்ணி வடியையும் மா அரிக்கும் அரிதட்டையும் ஒப்பிட்டு ஒருவர் சுவையாக எழுதியிருந்தார். அந்த இரண்டுமே கருவிகள்; எதன்படி அரிப்பது என்ற கேள்விக்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும்.

பட்டையை முன்மொழிந்தவர் சொல்லின் வேரைச் சரியாகவே பிடித்திருந்தார். பிரெஞ்சு மொழியில் சிறுமுகம் என்று பொருள்படும் சொல்லே ஆங்கிலத்துக்குச் சென்று, மணிக்கல்லில் தீட்டப்பட்ட சமதளங்களைக் குறித்தது. நாமும் கல்லுக்குப் பட்டை தீட்டுவதாகத்தான் சொல்கிறோம். இடையூறு கணினித் தமிழுக்குள்ளேயே இருக்கிறது. கருவிப்பட்டை, பட்டைக்குறி, அகலப்பட்டை என்று இச்சொல்லை ஏற்கெனவே மூன்று வேலைகளுக்கு அமர்த்திவிட்டோம். அதிலும் துணி விற்கும் தளத்தில் ‘நிறப்பட்டை’ என்று எழுதினால், சேலையில் ஓடும் வண்ணக் கோடு என்றுதான் எவரும் கொள்வர். (எங்கள் பெரியவர்களுக்கோ பட்டை என்றதும் துலாக்கிணற்றில் நீரள்ளும் பனையோலைப் பட்டைதான் நினைவுக்கு வரும், அது வேறு கதை.)

பண்புக்கூறுதான் அதிகம் ஆராய வேண்டிய சொல், ஏனெனில் அது தவறான சொல் அன்று, வேறொன்றின் சொல். தரவுத்தளத்தில் ஒரு சேலைக்கு நிறம், நீளம், நெசவு, கொள்முதல் விலை, விற்பனை விலை, பொதியின் நிறை, அலுமாரித் தட்டின் எண் எனப் பத்துப் பதினைந்து பண்புக்கூறுகள் பதிவாகியிருக்கும். அவற்றுள் நான்கையோ ஐந்தையோதான் கடைக்காரர் வாங்குபவர் முன் எடுத்து வைக்கிறார். பொதியின் நிறை அனுப்புகைக் கட்டணத்தைக் கணிக்கத் தேவை, ஆனால் நிறையைப் பார்த்துச் சேலை தேடுபவர் எவருமில்லை. மறுபுறம் ‘5,000 முதல் 10,000 ரூபாய் வரை’ என்ற பெட்டி எந்தச் சேலையின் பண்புக்கூறும் அன்று. விற்பனை விலை என்ற பண்புக்கூற்றிலிருந்து நாம் வெட்டியெடுத்த இடைவெளி அது. ஆகவே பண்புக்கூறு பொருளோடு வருவது, ஃபசெட் கடை தீர்மானிப்பது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், ‘எந்தப் பண்புக்கூறுகளைப் பண்புக்கூறுகளாக்கலாம்’ என்று ஆவணத்தில் எழுத நேரும்.

இந்த வேறுபாடு வெறும் சொல் நுணுக்கம் அன்று. பண்புக்கூறுகள் எத்தனை இருந்தாலும் தளத்துக்குப் பாதகம் குறைவு. ஃபசெட்டுகளின் ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனி இணைய முகவரி உண்டாகும்படி எழுதினால் நிலைமை மாறிவிடும். ஐந்து ஃபசெட்டுகள், ஒவ்வொன்றிலும் நான்கு பெட்டிகள், ஒன்றில் ஒரு பெட்டியையே தொடலாம் அல்லது விட்டுவிடலாம் என்று வைத்துக்கொண்டால் 3,125 முகவரிகள் வரும். ஒன்றிலேயே பல பெட்டிகளைத் தொட இடமளித்தால் அது 1,048,576 ஆகும். கடையில் இருப்பது முந்நூறு சேலை! தேடுபொறிக்காகப் பக்கங்களைத் தேடித் திரட்டும் நிரல் இந்தப் பத்து இலட்சம் பக்கங்களுக்குள் அலைந்து, உண்மையான முந்நூறு பக்கங்களைத் தவறவிடவும் கூடும்.

எஞ்சியது பன்முகம். பன்முகத் தேடல் என்பது காதுக்கு இனிய தொடர். கட்டுரைத் தலைப்பாக நன்றாகவே நிற்கும். ஆனால் அது அடைமொழியாக மட்டுமே உதவுகிறது. தேடல் பன்முகமானது என்றால் அந்த முகங்களுள் ஒன்றை எப்படி அழைப்பது? ‘ஒரு பன்முகம்’ என்று எழுத முடியாது, ‘ஒரு முகம்’ என்று எழுதினால் ஒளிப்படம் கேட்கிறதோ என்று வாசிப்பவர் மயங்குவார். நிரலாளர் நாள்தோறும் புழங்குவது அந்த ஒருமைச் சொல்லைத்தான்.

ஆயினும் முகம் என்ற பகுதியைக் கைவிட எனக்கு மனமில்லை. இந்தச் சிந்தனை முறையே நூலகத்திலிருந்து வந்தது. அங்கே இதை வளர்த்தெடுத்தவர் நமக்கு அந்நியருமல்லர். 1892 இல் சீர்காழியில் பிறந்த நூலகவியலாளர் எஸ். ஆர். ரங்கநாதன், நூல்களை வகைப்படுத்தும் முறையான கோலன் பகுப்பை 1933 இல் வெளியிட்டார். ஒரு நூலை மரக்கிளையொன்றில் கொண்டுபோய் மாட்டுவதற்கு மாறாக, அதன் பொருளை ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்னும் ஐந்து நோக்கில் தனித்தனியே பகுத்து, பின்னர் குறியீடுகளால் கோத்தார். 1959 இல் திறக்கப்பட்ட எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை அமைத்தபோது ஆலோசனை வழங்கியவரும் அவரே. சேலைக்கடையிலும் சிக்கல் அதுதான்: சேலை, பருத்தி, சிவப்பு என்று கிளை பிரிப்பதா, சேலை, சிவப்பு, பருத்தி என்று பிரிப்பதா? கிளை எப்படி அமைந்தாலும் ஒருவருக்கு அது தலைகீழாக இருக்கும். வாங்குபவர் எந்த முகத்திலிருந்தும் தொடங்கலாம் என்று விட்டுவிட்டால் அந்தக் கேள்வியே எழாது.

எனவே ‘தெரிமுகம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். தெரி என்னும் வினைப்பகுதி கண்ணுக்குப் புலப்படுவதையும் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதையும் ஒருசேரக் குறிக்கிறது. தெரிவு, தெரிவுக்குழு என்று இலங்கைத் தமிழில் இரண்டாம் பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது. கடை வெளியே காட்டும் முகம், வாங்குபவர் தெரிவு செய்யும் முகம் என்ற இரு பொருளும் ஃபசெட்டுக்குப் பொருந்துகின்றன. பண்புக்கூற்றிலிருந்து அது பிரியும் இடமும் இதுவே. அமைப்பில் இது அறிமுகம் என்ற சொல்லின் உடன்பிறப்பு. மறைமுகத்துக்கு எதிராக இதை ‘நேரடியாக’ என்று கொள்வார்களோ என்ற ஐயம் எனக்கும் வந்தது. நேர்முகம் அந்த இடத்தை ஏற்கெனவே நிரப்பியிருப்பதால் அஞ்ச வேண்டியதில்லை. தெரிமுகங்கள், தெரிமுகத்தில், தெரிமுகத் தேடல் என்று உருபும் தொகையும் இடறாமல் ஏற்கிறது.

சொல்லைச் சோதிக்க ஒரு விதியை எழுதிப் பார்த்தேன். எங்கள் தளத்தின் முதற் பதிப்பில் சிவப்பையும் பச்சையையும் ஒருவர் தொட்டால் இரண்டு நிறமும் கொண்ட சேலைகளை மட்டுமே தேடும்படி நான் எழுதியிருந்தேன். ஏறத்தாழ எல்லா முறையும் வெறும் பக்கமே வந்தது. பிழை தமிழில் ஒளிந்திருந்தது. கடையில் ஓர் அம்மா ‘சிவப்பும் பச்சையும் எடுத்துக் காட்டுங்கோ’ என்றால், சிவப்பில் சில, பச்சையில் சில என்றுதான் விற்பவர் மேசையில் விரிப்பார். பேச்சிலுள்ள அந்த உம், நிரலில் ‘அல்லது’ ஆகிறது. ‘சிவப்பும் வேணும், பருத்தியாயும் இருக்க வேணும்’ என்றால் அதே உம் நிரலிலும் உம்மாகவே நிற்கிறது. இதை இப்படி எழுத முடிகிறது: ஒரே தெரிமுகத்துக்குள் தொட்டவை ‘அல்லது’ கொண்டு சேரும், வெவ்வேறு தெரிமுகங்களில் தொட்டவை ‘உம்’ கொண்டு சேரும், ஒரு தெரிமுகத்தின் பெட்டிகளருகே காட்டும் எண்ணிக்கையைக் கணிக்கும்போது அந்தத் தெரிமுகத்தில் தொட்டவற்றை மட்டும் விலக்க வேண்டும், இல்லையேல் சிவப்பைத் தொட்டவுடன் பச்சைக்கு அருகில் சுழியம் வந்து நிற்கும். மற்ற நான்கு சொற்களையும் இந்த வாக்கியத்தில் பொருத்திப் பாருங்கள். சிவப்பு உடலும் பச்சைக் கரையும் உள்ள சேலை என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு, கரை நிறம் எங்கள் தளத்தில் தனித் தெரிமுகம்.

வாங்குபவருக்கு இந்தச் சொல்லைக் காட்டவே தேவையில்லை. அவருக்கு நிறம், துணி என்ற தலைப்புகளே போதும். இது ஆவணத்துக்கும் நிரலாளர் பேச்சுக்கும் உரிய சொல். தெரிமுகத்தினுள் வரும் சிவப்பு, பச்சை முதலியவற்றைத் தெரிமுகப் பெறுமானம் என்று எழுதியிருக்கிறேன், ஏனெனில் இங்கே கணித வகுப்பில் நாங்கள் படித்தது பெறுமானம். தமிழ்நாட்டு நண்பர்கள் மதிப்பு என்பார்கள். எண்ணல்லாத சிவப்புக்கு மதிப்பும் பெறுமானமும் ஒரேயளவு ஒட்டாமல் நிற்பதாகவே எனக்குப் படுகிறது. அந்த இரண்டாம் சொல்லுக்கு உங்கள் முன்மொழிவுகளை எதிர்பார்க்கிறேன்.