ஆண்டறிக்கையில் வராதவை: உங்கள் பள்ளி விழா, போட்டி அனுபவங்களைச் சொல்லுங்கள்

அறிக்கை டீச்சர்:
எங்கள் பள்ளியில் ஆண்டு விழா அறிக்கை எழுதும் வேலை ஏழு வருடமாக என் தலையில்தான். எந்தப் போட்டியில் யார் முதலிடம், எந்த மன்றம் என்ன நடத்தியது, எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்று எழுதி, தலைமையாசிரியர் மேடையில் பத்து நிமிடத்துக்குள் வாசித்து முடிக்கிற மாதிரி வெட்டிக் கொடுக்க வேண்டும். இந்த வருடம் எழுத உட்கார்ந்தபோது பழைய அறிக்கைகளை எடுத்துப் படித்துப் பார்த்தேன். ஏழும் ஒன்றுதான். பெயர்களையும் ஆண்டையும் மட்டும் மாற்றியிருக்கிறேன், போன வருடத்து அறிக்கையை இந்த வருடம் வாசித்தாலும் ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

எனக்கு அந்த வருடங்களில் நினைவில் நிற்பது வேறு. நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு நாடகம். திரை இழுக்க எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியை நிறுத்தியிருந்தோம். முதல் காட்சி முடிந்ததும் கயிறு கப்பியிலிருந்து நழுவிவிட்டது, திரை பாதியில் நின்றது. மேடையில் ராஜாவும் மந்திரியும் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்கள். இந்தப் பெண் திரைக்குப் பின்னால் போய், துணியைக் கையால் பிடித்து இழுத்துக்கொண்டே மேடையின் குறுக்கே நடந்தாள். பார்த்தவர்களுக்குத் திரையும் அதற்குக் கீழே இரண்டு வெள்ளை கான்வாஸ் ஷூவும் மட்டும்தான் தெரிந்தன. சிரிப்பு அடங்க நேரமானது. அதோடு முடியவில்லை, இரண்டு பக்கத் திரையும் நடுவில் சேரவில்லை என்பதால் காட்சி மாற்றும் வரை இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். மூன்று காட்சி மாற்றம், மூன்று முறையும் அதே ஷூ.

அறிக்கையில் நான் எழுதியது: "நாடகம் அனைவரின் பாராட்டையும் பெற்றது." அவள் பெயர் இல்லை, நடிகர்கள் பெயரைத்தான் போடுவது வழக்கம்.

உங்களிடமும் இப்படி ஏதாவது இருக்கும், சொல்லுங்கள். பரிசு வாங்கின கதை வேண்டாம், அது அறிக்கையிலேயே இருக்கும்.

விசில்:
நான் உடற்பயிற்சி ஆசிரியர். என்னுடையது நானே செய்த தப்பு.

நாலு பேர் ஆளுக்கு நூறு மீட்டர் ஓடும் தொடர் ஓட்டம், பள்ளிகளுக்கு இடையிலான போட்டி. எங்கள் பையன்கள் நாலு பேருமே தனித்தனியாக ஓடினால் பெரிய வேகம் கிடையாது, ஆனால் கைமாற்றம் அருமையாக இருக்கும். மாதக்கணக்கில் அதை மட்டும்தான் பழகியிருந்தோம். பின்னால் பார்க்காமல் கையை நீட்டுவது, சொல் கேட்டதும் விரலை விரிப்பது, முப்பது மீட்டர் மண்டலத்தில் எந்த இடத்தில் குச்சி மாற வேண்டும் என்று சுண்ணாம்பில் கோடு போட்டு வைப்பது, எல்லாம். (பழைய ஆட்கள் 20 மீட்டர் என்பார்கள். அப்போது அதற்கு முன்னால் ஓடத் தொடங்க 10 மீட்டர் தனியாக இருந்தது, இப்போது இரண்டையும் சேர்த்து 30 மீட்டர் ஆக்கிவிட்டார்கள்.)

மூன்றாவது ஓட்டக்காரன் கடைசி ஆளிடம் கொடுக்கும்போது குச்சி வாங்குபவன் விரலில் பட்டு விழுந்தது. கடைசி ஆள் சட்டென்று குனிந்து எடுத்து, பேய் பிடித்தவன் மாதிரி ஓடி இரண்டாவதாக வந்தான். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. ஐந்து நிமிடத்தில் தகுதி நீக்கம் என்று அறிவித்தார்கள்.

விதி தெளிவானது. குச்சி வாங்குபவன் கையில் மட்டும் இருக்கும்போதுதான் கைமாற்றம் முடிகிறது. அதற்கு முன்னால் விழுந்தால், கொடுக்க வந்தவன் தவற விட்டதாகத்தான் கணக்கு, அவன்தான் எடுக்க வேண்டும். குச்சி முன்னால் உருண்டு போனாலும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, கடைசியாகக் கையில் இருந்த இடத்திலிருந்துதான் தொடர வேண்டும். இது எனக்குத் தெரியும். பையன்களுக்குச் சொல்லித் தரவில்லை. எப்படிக் கொடுப்பது என்று ஆயிரம் தடவை சொன்னவன், விழுந்தால் என்ன செய்வது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. விழும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை என்பதுதான் காரணம்.

கடைசியாக ஓடின பையன் என்னிடம் வந்து, "சார், நான் வேகமாத்தானே எடுத்தேன்?" என்று கேட்டான். வேகமாகத்தான் எடுத்தான்.

அதற்கப்புறம் எந்த அணியாக இருந்தாலும் வாரத்தில் ஒரு நாள் குச்சியை வேண்டுமென்றே கீழே போடும் பயிற்சி உண்டு. குறைந்தது 50 கிராம் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கும் ஒரு குழாய், அது தரையில் எவ்வளவு தூரம் உருளும் என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். பிள்ளைகளுக்குப் பெரிய சிரிப்பு, எனக்கு இல்லை.

நாற்காலி:
பன்னிரண்டு வருடமும் நாற்காலிதான் தூக்கினேன். விழாவுக்கு முந்தின நாள் போடுவது, முடிந்ததும் அடுக்குவது. ஒரு நிகழ்ச்சியைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. மடக்கு நாற்காலி விரலைக் கடிக்கும், அது மட்டும் நன்றாகத் தெரியும்.

எலுமிச்சை அப்பா:
விசில் சார், உங்களுடையது மறதி. என்னுடையது திருட்டு.

மகன் ஆறாம் வகுப்பில் அறிவியல் கண்காட்சிக்கு எலுமிச்சை பேட்டரி செய்கிறேன் என்றான். ஆணியும் செம்புக் கம்பியும் குத்தி, பழைய டார்ச் பல்பை இணைத்தோம். எரியவில்லை. இரண்டு பழம் வைத்தோம், எரியவில்லை. மணி பதினொன்று, பையன் அழுகிற நிலையில் தூங்கப் போனான். நான் என்ன செய்தேன் என்றால், அட்டைப் பலகைக்கு அடியில் இரண்டு பென்சில் செல்லை ஒட்டி, பழத்திலிருந்து வருவது போல ஒயரைக் கொண்டுவந்து பல்பில் சேர்த்துவிட்டேன். காலையில் அவனிடம் "அப்பா சரி பண்ணிட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அவனும் கேட்கவில்லை.

கண்காட்சியில் பல்பு ஜோராக எரிகிறது, சுற்றிலும் பிள்ளைகள் கூட்டம். நடுவராக வந்த ஆசிரியை பொறுமையாக எல்லாம் கேட்டுவிட்டு, "இந்த ஆணியை எடுத்தால் என்ன ஆகும்?" என்றார். "அணைந்துவிடும் மிஸ்." "எடு பார்க்கலாம்." எடுத்தான். எரிந்தது. இரண்டாவது ஆணியையும் எடுத்தான். அப்போதும் எரிந்தது. பழத்தையே தூக்கினார்கள், பல்பு இன்னும் கொஞ்சம் பிரகாசமாக எரிகிற மாதிரிகூட எனக்குத் தோன்றியது. "பழம் இல்லாமலே எரிகிறதே, பிறகு பழம் எதற்கு?" என்று அவர் கேட்க, இவன், "அப்பாவைக் கேட்டாத்தான் தெரியும் மிஸ்" என்றான். நான் மூன்றடி தள்ளி, பக்கத்து மேசை எரிமலையை ரொம்ப ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் திட்டவில்லை. ஆய்வகத்திலிருந்து மல்டிமீட்டர் கொண்டுவந்து கொடுத்து, ஒரு பழத்தில் அளக்கச் சொன்னார். துத்தநாகம் பூசின ஆணியும் செம்பும் என்றால் கிட்டத்தட்ட 0.9 வோல்ட் வரும். வோல்ட் வருகிறதே தவிர மின்னோட்டம் மில்லி ஆம்பியர் அளவுக்குக்கூடப் போவது கஷ்டம், டார்ச் பல்பின் இழை சூடாக அதெல்லாம் எந்த மூலைக்கு? சிவப்பு எல்ஈடி என்றால் இரண்டு வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தாலே போதும், மிகச் சிறிய மின்னோட்டத்திலும் மினுங்கும். இன்னொன்றும் அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும்: மின்சாரத்துக்கான சக்தி பழத்திலிருந்து வருவதில்லை, ஆணியின் துத்தநாகம் கரைவதில்தான் வருகிறது, சாறு வழி விடுகிறது, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் நாலு பழத்தைத் தொடராக இணைத்தோம். ஒரு ஆணி, அடுத்த பழத்தின் செம்பு, அதன் ஆணி, அதற்கடுத்த செம்பு என்று. எல்ஈடியின் நீளக் காலைச் செம்புப் பக்கம் வைக்க வேண்டும், மாற்றி வைத்தால் எரியாது, நாங்கள் முதலில் மாற்றித்தான் வைத்தோம். விளக்கை அணைத்துவிட்டு, இரண்டு கையையும் குவித்து உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரு சிவப்புப் புள்ளி. பையன் அதைப் பார்க்க வீட்டில் எல்லாரையும் ஒவ்வொருவராக அழைத்து வந்தான். என்னைக் கடைசியாகத்தான் கூப்பிட்டான்.

மைக் செட்:
இருபது வருடமாகப் பள்ளி விழாக்களுக்கு ஒலி அமைப்பு செய்கிறேன், என் பக்கத்துக் கதை ஒன்று.

பேச்சுப் போட்டி. ஒரு சின்னப் பையன் நன்றாகப் பேசிக்கொண்டே வந்தவன் நடுவில் நின்றுவிட்டான். சத்தமே இல்லை. நான் மைக்தான் போய்விட்டது என்று நினைத்து ஒலியை ஏற்றினேன், அவன் மூச்சு விடுவது மைதானம் முழுக்கக் கேட்கிறது. பயத்தில் அவன் மைக்கின் தலையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டான். தயவுசெய்து பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள், தலையைப் பொத்தினால் ஸ்பீக்கரின் சத்தத்தை மைக் இன்னும் அதிகமாக வாங்கும், கூவும். கூவியது. நான் பதறிப்போய்க் குறைத்தேன். அந்த நிசப்தத்தில் பையன், "எதுல விட்டேன்?" என்று மெதுவாகத் தனக்குள் கேட்டது எல்லாருக்கும் கேட்டது. முன்வரிசையில் அம்மா மடியில் உட்கார்ந்திருந்த அவன் தங்கச்சி, நாலு வயதுகூட இருக்காது, அடுத்த வரியை உரக்கச் சொன்னாள். வீட்டில் அவன் பழகும்போது கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகியிருக்கிறது. அவன் தொடர்ந்தான், அவளும் நிறுத்தவில்லை, அம்மா வாயைப் பொத்தும் வரை இரண்டு பேருமாகத்தான் பேசினார்கள்.

பரிசு கிடைத்ததா என்று கேட்காதீர்கள், நான் ஒயர் சுருட்டப் போய்விட்டேன்.

யானையைத் தொட்டவள்:
இதை எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். எலுமிச்சை அண்ணா எழுதியதைப் பார்த்துத்தான் தைரியம் வந்தது.

பத்தாம் வகுப்பில் பள்ளிச் சதுரங்க இறுதிப் போட்டி. எதிரில் எட்டாம் வகுப்புப் பெண். நான் காஸ்லிங் (ராஜாவை யானைப் பக்கம் இரண்டு கட்டம் நகர்த்தி, யானையை ராஜாவுக்கு மறுபக்கம் வைக்கிற ஒரே நகர்வு) செய்தே ஆக வேண்டிய நிலை, ராஜா நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது, இன்னும் ஒரு நகர்வு தாமதித்தால் அவள் ராணியைக் கொண்டுவந்து விடுவாள். அவசரத்தில் யானையை முதலில் தொட்டுவிட்டேன். தொட்டது மட்டுமில்லை, லேசாகத் தூக்கி, சுதாரித்துக்கொண்டு கீழே வைத்து, ராஜாவை எடுத்து இரண்டு கட்டம் நகர்த்தினேன். ஃபிடே எனும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதிப்படி யானையை முதலில் தொட்டால் அந்த நகர்வில் அந்தப் பக்கம் காஸ்லிங் கிடையாது, யானையைத்தான் நகர்த்த வேண்டும். எனக்கு அது தெரியும். அவளுக்கும் தெரிந்திருந்தது, கையைத் தூக்கிவிட்டாள்.

மேற்பார்வைக்கு உட்கார்ந்திருந்த ஆசிரியர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார், அவர் பார்க்கவில்லை. எழுந்து வந்து என்னிடம், "யானையை முதல்ல தொட்டியாம்மா?" என்றார். "இல்லை சார்" என்றேன். அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. நான் பெரியவள், வகுப்புத் தலைவி, அவர் உடனே நம்பிவிட்டார். "சரி, ஆடுங்க" என்று போய்விட்டார்.

அந்தப் பெண் அழவில்லை, சண்டை போடவில்லை. என்னை நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை, மீதி ஆட்டம் முழுக்கப் பலகையை மட்டுமே பார்த்தாள். ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு, முடிவு செய்த பிறகுதான் எடுத்தாள். முப்பது நகர்வுக்கு மேல் போய் நான் ஜெயித்தேன். கோப்பையை ரொம்ப நாள் அலமாரியில் புத்தகங்களுக்குப் பின்னால் வைத்திருந்தேன், அம்மா தூசி தட்டும்போது எடுத்து முன்னால் வைப்பார், நான் மறுபடி பின்னால் தள்ளுவேன்.

விசில்:
அந்தப் பெண்ணிடம் பிறகு பேசினீர்களா?

யானையைத் தொட்டவள்:
இல்லை. அடுத்த வருடம் அவள் போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை. நான் பட்டியலில் தேடினேன்.

ழகரம்:
சின்ன விஷயம்தான். என் மகள் ஓவியத்தில் மூன்றாம் பரிசு வாங்கினாள், சான்றிதழில் அவள் பெயரில் ழ போட வேண்டிய இடத்தில் ள. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டால், "மார்க் ஷீட்டா இது, விடுங்கம்மா" என்றார்கள். அவள் வீட்டுக்கு வந்து கறுப்புப் பேனாவால் ளகரத்தை ழகரமாக்கப் பார்த்து, மை ஊறி ஒரு பூச்சி மாதிரி ஆகிவிட்டது. அதையும் பூச்சியாகவே வரைந்து, கால் ஆறும் போட்டு, இறக்கை வைத்து முடித்தாள். சான்றிதழ் வழங்குகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அச்சுக்குக் கொடுக்கும் முன் பட்டியலை ஒரு முறை வகுப்பில் சுற்ற விடுங்கள். பத்து நிமிட வேலை.

நாற்காலி:
பூச்சி நன்றாக இருக்குமே, படம் போடுங்கள் அக்கா.

அறிக்கை டீச்சர்:
எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். யானை அம்மா, உங்களுக்கு என்ன பதில் எழுதுவதென்று தெரியவில்லை. நானும் மேற்பார்வைக்கு உட்கார்ந்து விடைத்தாள் திருத்துகிற ஆள்தான், அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இந்த வருட அறிக்கையில் ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். திரை இழுத்தவர்கள், ஒலிபெருக்கிக்கு உதவியவர்கள், நாற்காலி போட்டவர்கள், ஓடுதளத்தில் கோடு போட்டவர்கள் என்று பெயர்களாக. தலைமையாசிரியர் நேரம் போதாது என்று அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். சிவப்புப் பேனாவை எடுத்து நடன நிகழ்ச்சி பற்றி நான் எழுதியிருந்த ஆறு வரியை அடித்தார், அது நான் கஷ்டப்பட்டு எழுதியது. பெயர்ப் பட்டியலின் ஓரத்தில் ஒரே ஒரு கேள்விக்குறி. என்னவென்று கேட்டேன். "மொத்தம் பதினேழு பேர் போட்டிருக்கீங்க, நாற்காலி அடுக்க அன்னிக்கு இன்னும் ரெண்டு பசங்க இருந்தாங்களே" என்றார்.

இருந்தார்களாம். எனக்கு நினைவே இல்லை. நாளைக்கு ஒன்பதாம் வகுப்பில் கேட்க வேண்டும், பட்டியலையும் கையோடு எடுத்துப் போகிறேன், எழுத்துப்பிழை பார்க்க.