தலசீமியா: எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். அக்கா மகனுக்கு ஆறு வயது, தலசீமியா மேஜர் (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்த நோயின் கடுமையான வகை). மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்ற தினமும் மாத்திரை. மஜ்ஜை கொடுக்க, உடன்பிறந்தவருக்கு எச்.எல்.ஏ. (திசு வகை) முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான் என்றார்கள். அவன் தங்கைக்குப் பொருந்திவிட்டது! அவள் தலசீமியா மைனர் (மரபணுக் குறை மட்டும் உண்டு, நோய் இல்லை), ஆனாலும் மஜ்ஜை கொடுக்கலாமாம்.

வேலூர் சி.எம்.சி.யில் செய்யலாம் என்றிருக்கிறோம். மத்திய அரசின் நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியாவின் தலசீமியா பால சேவா யோஜனா திட்டத்தில் 10 லட்சம் வரை உதவி உண்டு. அதில் விண்ணப்பித்தவர்கள் சொல்லுங்கள்: தாசில்தார் தரும் வருமானச் சான்றிதழ் போதுமா? பணம் நேரே மருத்துவமனைக்குப் போய்விடுமா?

அப்புறம், சிகிச்சைக்குப் பிறகும் சில மாதம் பக்கத்திலேயே தங்க வேண்டியிருக்கும். சமையல் வசதியுள்ள சுத்தமான வாடகை வீடு எந்தப் பகுதியில் கிடைக்கும்?

'தங்கச்சிக்கு ஏதாவது ஆகிவிடும்' என்ற அறிவுரை மட்டும் வேண்டாம். அதற்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது.