'இடைநாள் வலி': ஒரு சொல் முன்மொழிவு

அன்புடையீர்,

பெண்களின் அடிவயிற்று வலிக்கான காரணங்களைத் தொகுக்கும் நம் கையேட்டில் மாதவிடாய் வலி, சிறுநீர்ப்பாதைத் தொற்று, கருப்பைத் தசைக்கட்டி ஆகியவற்றுக்குப் புழங்கும் சொற்கள் கிடைத்துவிட்டன; சூலகத்திலிருந்து முட்டை வெளிப்படும் நாளை ஒட்டி வரும் வலியைக் குறிக்கும் 'மிட்டல்ஷ்மெர்ட்ஸ்' மட்டுமே எஞ்சியுள்ளது. அந்த ஜெர்மன் சொல்லுக்கு 'நடு வலி' என்பதே நேர்ப்பொருள். ஆயினும் 'நடுவலி' என்று கேட்பவர் வயிற்றின் நடுப்பகுதியையே நினைப்பார். இவ்வலியோ அம்மாதம் எந்தச் சூலகம் முட்டையை விடுகிறதோ அந்தப் பக்கத்தில்தான் வரும். மேலும், முட்டை வெளிப்படுவது அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாள்களுக்கு முன்பு என்பதால், 35 நாள் சுழற்சி உடையவருக்கு அது 21ஆம் நாளை ஒட்டி அமையும். அது நடு அன்று.

'சூல்விடு வலி' என்ற மாற்று எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது; நெற்பயிருக்கும் மேகத்துக்கும் சூலைச் சொன்ன மொழி நம்முடையது. ஆனால் அது காரணத்தை முன்கூட்டியே முடிவுசெய்துவிடுகிறது. முட்டையைப் பொதிந்த நுண்பை விரிவதாலோ, அது வெடிக்கையில் கசியும் நீரும் சிறிது குருதியும் வயிற்றின் உள்ளுறையை உறுத்துவதாலோ வலிக்கலாம் என்பதை மருத்துவர் விளக்குவார். பெண் தானே அறியக்கூடியது வலி வரும் நாள் மட்டுமே. என் தங்கை வலப்பக்க அடிவயிற்றை ஒற்றை விரலால் தொட்டுக்காட்டியபோது நாங்கள் குடல்வால் அழற்சியோ என்று அஞ்சினோம். மருத்துவர் முதலில் கேட்டதோ கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதியை. சமையலறை நாள்காட்டியில் பால் கணக்குக்கு அருகே இட்டிருந்த பென்சில் புள்ளியை நினைவுகூர்ந்து அவள் விடை சொன்னாள்.

ஆகவே 'இடைநாள் வலி' என்பதை முன்மொழிகிறேன். 'இடைவலி' என்றால் இடுப்புவலி என்று மயங்க இடமுண்டு. 'நாள்' சேர்ந்ததும் அம்மயக்கம் நீங்குகிறது. 'நடு' சரிபாதியைக் கோர, 'இடை' இரண்டுக்கும் நடுவே எங்கும் நிற்கும். மாதவிடாய்களுக்கு இடையே நேரும் குருதிப்போக்கையும் இதே வார்ப்பில் 'இடைநாள் உதிரப்போக்கு' எனலாம்.

கையேட்டுப் பதிவு இவ்வாறு அமையலாம்:

இடைநாள் வலி: இரு மாதவிடாய்களுக்கு இடையே, முட்டை வெளிப்படும் நாளை ஒட்டி, அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் தோன்றிச் சில நிமிடங்கள் முதல் ஓரிரு நாள் வரை நீடிக்கும் வலி. காய்ச்சல், தொடர் வாந்தி, மயக்கம், தாங்க முடியாத வலி, தள்ளிப்போன மாதவிடாய் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் இப்பெயரைச் சூட்டிக் காத்திருக்கலாகாது. கருக்குழாயில் தங்கிய கருவாகவோ சூலக முறுக்கமாகவோ இருக்கக்கூடும் என்பதால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.