தாத்தா எந்தக் கப்பலில் இருந்தார்? வீட்டில் ஆளுக்கொரு கதை

பேரன்_3 கேட்டது:

எங்க தாத்தா இந்தியக் கடற்படையில மாலுமியா இருந்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் தவறிட்டார். அவர் விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பல்ல பாய்லர் ரூம்ல இருந்தார், 1971 போர்ல விரிசல் விட்ட பாய்லரோடவே கப்பலை ஓட்டினாங்கன்னு அப்பா சொல்வார். சித்தப்பாவோ, அதே போர்ல குக்ரிங்கற போர்க்கப்பல் மூழ்கினப்போ கடல்ல நீந்தித் தப்பிச்சவர் எங்கப்பான்னு கல்யாண வீட்டுப் பந்தியில எல்லாம் சொல்றார். ஒரே ஆள் ரெண்டு கப்பல்ல எப்படி இருந்திருக்க முடியும்?

தாத்தாகிட்டயே கேட்டப்போ "என்ஜின்ல வேலை" என்பார், அதோட சரி. காது மந்தம். பக்கத்துல நின்னு கத்தினாலும் தூங்குவார். ஆனா ராத்திரி கரண்ட் போய் மின்விசிறி நின்னா வீட்டுல முதல் ஆளா எழுந்து உட்கார்றது அவர்தான்.

கையில இருக்கறது நட்சத்திர வடிவ மெடல் ஒண்ணு, வட்டமா ரெண்டு. இந்தியில ஏதோ எழுதியிருக்கு, எனக்குப் படிக்க வராது. டிஸ்சார்ஜ் காகிதம் கிடைக்கல. பாட்டிக்கு குடும்ப ஓய்வூதியம் வருது. அவங்ககிட்ட கேட்டா "கப்பல்ல இருந்தார், லீவுல வருவார், எனக்கென்ன தெரியும்"னு முடிச்சுடறாங்க. எங்கிருந்து தொடங்கறது?

கோப்பு_மனிதன்:

பாட்டியின் ஓய்வூதிய ஆணையிலிருந்து (பி.பி.ஓ.) தொடங்குங்கள். தாத்தாவின் பணி எண், பதவி, சேர்ந்த நாள், விடுபட்ட நாள் எல்லாம் அதில் இருக்கும். கடற்படை மாலுமிகளின் ஆவணங்கள் மும்பை மான்கூர்டு, சீட்டா கேம்ப்பில் உள்ள 'கேப்ஸ்' எனும் மாலுமிகள் ஆவண அலுவலகத்தில் இருக்கின்றன. பணி எண் இல்லாமல் அங்கே எழுதிப் பயனில்லை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பினால் மனு சரியான மேசைக்குப் போய்ச் சேரும்.

பழைய_ஸ்டோக்கர்:

தம்பி, காகிதம் வர்றப்போ வரட்டும். முதல்ல மெடலை எடுங்க. வட்ட மெடலோட விளிம்பை வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க, எண்ணும் பேரும் பொறிச்சிருக்கும். பாலிஷ் போடறேன்னு தேய்ச்சுடாதீங்க, அழிஞ்சுடும்.

அப்புறம் அந்த நட்சத்திரம். 71 போருக்கு ரெண்டு நட்சத்திரம் கொடுத்தாங்க. கிழக்குல இருந்தவங்களுக்கு பூர்வி ஸ்டார், மேற்குல இருந்தவங்களுக்கு பஷ்சிமி ஸ்டார். இந்தி தெரிஞ்ச யார்கிட்டயாவது காட்டினா ஒரு நிமிஷ வேலை. விக்ராந்த் அப்போ வங்காள விரிகுடாவுல இருந்துச்சு, டிசம்பர் 4-ல அதோட விமானங்கள் காக்ஸ் பஜாரை அடிச்சது. பாய்லர் விரிசல் கதையும் நிஜம்தான். முழு அழுத்தம் கொடுக்க முடியாம வேகத்தைக் குறைச்சுத்தான் ஓட்டினாங்க. குக்ரி மூழ்கினது மேற்குப் பக்கம், டையூ கடல்ல, டிசம்பர் 9 ராத்திரி. பாகிஸ்தானோட ஹாங்கோர் நீர்மூழ்கி அடிச்சது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் போயிட்டாங்க. குக்ரியோட கேப்டன் முல்லா கப்பலை விட்டு இறங்கவே இல்ல. தப்பிச்சவங்க 67 பேர்தான். அவங்க பேரெல்லாம் பதிவுல இருக்கு. அதனால உங்க சித்தப்பா கதையைச் சரிபார்க்கறது சுலபம். எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. அப்படித் தப்பிச்ச ஒருத்தரை மத்த மாலுமிகள் சும்மா விட்டிருக்க மாட்டாங்க, வருஷா வருஷம் தேடி வந்திருப்பாங்க.

மின்விசிறி விஷயத்தைப் படிச்சதும் சிரிச்சுட்டேன், என் வீட்டுலயும் இதே கதைதான். என்ஜின் ரூம்காரனுக்கு சத்தம் தாலாட்டு மாதிரி. அது நின்னாத்தான் பயம். வாட்ச், அதாவது நம்ம முறை வேலை, முடிஞ்சு படுத்திருந்தாலும், ஜெனரேட்டர் ஓசை ஒரு சுருதி இறங்கினா கண்ணு தானா திறந்துடும். நான் 80-கள்ல விக்ராந்த் பாய்லர் ரூம்ல இருந்தவன். காதுக்கு ஏதாவது வச்சுக்கோன்னு சொல்லுவாங்க, யார் கேட்டோம்! இப்போ பேரப்பிள்ளை போன்ல பேசினா பாதிதான் விளங்குது.

மாலுமி_மனைவி:

பாட்டிக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சுடாதீங்க. எந்தக் கப்பல்னு கேட்டா அவங்களுக்கு என்ன வரும்? கடிதத்துல என்ன விலாசம் எழுதினீங்கன்னு கேளுங்க. எங்களுக்கெல்லாம் கப்பல் பேரு, கீழ 'கேர் ஆஃப் ஃப்ளீட் மெயில் ஆபீஸ், பாம்பே', அவ்வளவுதான். கப்பல் எந்தக் கடல்ல நின்னாலும் அதே விலாசம். அங்கிருந்து கப்பலைத் தேடிக்கிட்டுப் போகும். நாலு கடிதம் சேர்ந்து கிடைக்கும், எது முன்னாடி எழுதினதுன்னு தெரியாது. அதனால நான் மூலையில எண் போட்டு அனுப்புவேன். காய்ச்சல் சரியாப் போச்சுங்கற கடிதம் முதல்லயும், குழந்தைக்குக் காய்ச்சல்ங்கற கடிதம் பின்னாடியும் கிடைச்சா அந்த மனுஷன் என்ன ஆவார்?

பாட்டிக்கு எழுத வராதுன்னா யார் எழுதிக் கொடுத்தாங்கன்னு கேளுங்க. அப்புறம் ஒவ்வொரு பிள்ளை பிறந்தப்பவும் தாத்தா எப்போ வந்து முகம் பார்த்தார்னு கேளுங்க. அதை எந்தப் பொம்பளையும் மறக்க மாட்டா. கல்யாணம், பிள்ளைப்பேறு எல்லாம் 'ஜென்ஃபார்ம்'ங்கற கடற்படை அறிவிப்புப் படிவம் போட்டு சர்வீஸ் ஆவணத்துலயும் ஏத்தியிருப்பாங்க, ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பேரன்_3:

அம்மா, நீங்க சொன்னபடி விலாசத்தைக் கேட்டேன். பாட்டி கண்ணை மூடிக்கிட்டு கடகடன்னு ஒப்பிச்சாங்க: "ஐ.என்.எஸ். பிரம்மபுத்ரா, கேர் ஆஃப் ஃப்ளீட் மெயில் ஆபீஸ், பாம்பே." பெரிய அத்தை பிறந்ததுல இருந்து அப்பா பிறக்கற வரைக்கும் இதுதானாம். பிரம்மபுத்ராங்கறது பம்பாய்ல ஒரு தெருன்னு இத்தனை நாள் நினைச்சிருக்காங்க! நட்சத்திரத்தையும் ஒருத்தர்கிட்ட காட்டினேன், பூர்விதான். அப்போ அப்பா, சித்தப்பா ரெண்டு பேருமே தப்பா?

பழைய_ஸ்டோக்கர்:

அப்பா பாதி சரி. பிரம்மபுத்ராவும் பியாஸும் விக்ராந்துக்குத் துணையா கிழக்குல போன கப்பல்கள். ஆனா பிரம்மபுத்ரா டீசல் கப்பல். அதை ஓட்டறதுக்கு விக்ராந்த் மாதிரி நீராவி கிடையாது. பாய்லர் கதையை விக்ராந்த் பசங்க வாயால கேட்டிருப்பார், வீட்டுல வந்து சொல்லியிருப்பார், உங்கப்பா அவரையே அதுல ஏத்திவிட்டுட்டார். டீசல் ரூம்ல நின்ன காது அப்படி ஆனது அதிசயமில்ல.

கேப்ஸுக்கு எழுதறப்போ பாட்டி பேர்ல, பாட்டி கையெழுத்தோட எழுதுங்க. விதவை மனுவுக்குப் பதில் வரும், பேரன் கேட்டா இழுக்கும். சித்தப்பாகிட்ட பந்தியில வச்சு எதுவும் சொல்லாதீங்க. தனியா சொல்லுங்க.