12 மாசம் எங்கயிருந்து தொடங்குது? கணக்கர் ஐயாவுக்கு ஒரு கேள்வி

வடலி:
போன கிழமை வேறொரு திரியில கணக்கர் ஐயா எழுதினதை அப்பிடியே போடுறன். "கொரோனா என்று சும்மா புலம்பாதீர்கள். மனைவியைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்ய 12 மாதம் என்றால் 12 மாதம்தான். பிந்தியவர்கள் எல்லாம் போம் நிரப்பத் தெரியாதவர்கள்."

ஐயா, என்ர கதையைக் கேளுங்கோ. 2019 மார்கழி நல்லூரில எழுத்தும் (கலியாணப் பதிவு) கலியாணமும். 2020 மாசி 27 விண்ணப்பப் பார்சல் கனடா குடிவரவு ஒபீசுக்குப் போய்ச் சேந்தது, கையெழுத்து வைச்சு எடுத்த கூரியர் துண்டு என்னட்டை இருக்கு. மூண்டு கிழமையால உலகமே பூட்டு. ஏஓஆர் (விண்ணப்பம் கிடைச்சது எண்ட கடிதம்) வந்தது ஆவணி 14. இண்டைக்கு 2021 ஆனி 24. மகளுக்கு எட்டு மாசம், கீழ்ப்பல்லு ரெண்டு முளைச்சிட்டுது. பாத்ததெல்லாம் வட்ஸ்அப்பில. 16 மாசம். இது உங்கட 12க்குள்ள எப்பிடி வருது எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்.

கணக்கர்:
தம்பி வடலி, உமது கேள்வியிலேயே விடை இருக்கிறது. முதலில், 16 மாதம் அல்ல, 15 மாதமும் 28 நாளும். இரண்டாவது, மாசி 27 என்பது தபால்காரனுடைய தேதி. ஏஓஆர், அதாவது உமது விண்ணப்பம் கிடைத்தது என்று அவர்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டது, ஆவணி 14. அன்றிலிருந்து இன்றுவரை பத்து மாதம் பத்து நாள். பத்து பன்னிரண்டை விடச் சிறியது. பிந்தவில்லை.

என் மகனுடைய மனைவி இதே கொரோனாவுக்குள் பத்து மாதத்தில் வந்து இறங்கினா. சட்டத்தரணி கிடையாது. போம் எல்லாம் நானே நிரப்பினேன்.

சங்குப்பிட்டி:
அப்ப பிள்ளை பிறந்த நாளும் கச்சேரியில பிறப்புப் பத்திரம் தந்த நாள்தானே ஐயா?

வடலி:
கணக்கர் ஐயா, பார்சலை எடுத்து மூலையில போட்டிட்டு ஐந்தரை மாசம் திறக்காமல் இருந்தது ஆரின்ர பிழை? என்ர மனுசி அந்த ஐந்தரை மாசமும் வயித்தில பிள்ளையோட இருந்தவ. அவவுக்கு அந்த நாளெல்லாம் கணக்கில இல்லையோ?

கணக்கர்:
உணர்ச்சி வேறு, கணக்கு வேறு. நான் முப்பது வருடம் கணக்குப் புத்தகம் பார்த்தவன். பில் கிடைத்த நாள் முக்கியமில்லை, பதிந்த நாள்தான் முக்கியம். ஏஓஆர் தேதி எது? ஆவணி 14. முடிந்தது கதை.

திருச்சிக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். நான் பிராம்ப்டன்ல இருக்கேன், வீட்டுக்காரர் திருச்சில. அரசாங்க வலைப்பக்கத்துலயே இதுக்குப் பதில் இருக்கு: முழுமையான விண்ணப்பம் அவங்க கைக்குக் கிடைச்ச நாள்ல தொடங்கி, முடிவு எடுக்குற நாள்ல முடியுது. ஏஓஆர்ங்குற பேச்சே அதுல இல்ல. எதுக்கு இவ்வளவு சண்டை?

ஒண்ணு மட்டும் எனக்குக் குழப்பமா இருக்கு. ஆவணி 14னா ஆகஸ்ட் 30 ஆச்சே? இன்னைக்கு ஆனி 10 தானே, ஆனி 24 இன்னும் வரவே இல்லையே?

கணக்கர்:
தங்கச்சி, இலங்கையில் ஆவணி என்றால் ஓகஸ்ட், ஆனி என்றால் ஜூன். பஞ்சாங்கம் பார்த்துக் கந்தோருக்கு விண்ணப்பம் போடுவதில்லை. மற்றது, "முழுமையான" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முழுமையா இல்லையா என்று எப்போது தெரியும்? திறந்து பார்த்தால். திறந்து பார்த்துவிட்டு என்ன அனுப்புவார்கள்? ஏஓஆர். எனவே ஏஓஆர் தேதி. நன்றி.

திருச்சிக்காரி:
அவங்க எப்பத் திறந்தாலும், முழுசா இருந்தா தேதி கிடைச்ச நாளுக்கே போயிடும் ஐயா. குறை இருந்தாத்தான் திருப்பி அனுப்புவாங்க, மறுபடி முதல்லேந்து. வடலி அண்ணனோடது திரும்பி வரலையே.

அதோட ஆடி, ஆவணி எல்லாம் சூரியன் கணக்குங்க. ஆகஸ்ட்டுக்குத் தமிழ்ப் பேரு வெச்சுட்டா அது ஆவணி ஆயிடாது.

சங்குப்பிட்டி:
ஒரு அம்மணி வந்து எங்கட மாசத்தையே மாத்தப் பாக்கிறா. அக்கா, நாங்கள் பள்ளிக்கூடத்தில படிச்ச நாளில இருந்து தை எண்டால் ஜனவரி. அடுத்ததா ரொறன்ரோவை டொராண்டோ எண்டு எழுதச் சொல்லுவியள்.

திருச்சிக்காரி:
டொராண்டோதான் சார். உங்க ஊர்ல "ற"வை எப்படி வாசிக்கிறீங்களோ எனக்குத் தெரியாது.

மார்க்கம் மருமகன்:
விசயத்துக்கு வாங்கோ. அக்கா உங்கட பைல் என்ன நிலை?

திருச்சிக்காரி:
2020 நவம்பர்ல போட்டோம். போன வருஷம் ஜூன் 8லேருந்தே கனடாக்காரங்களோட கணவன் மனைவிக்குப் பயணத் தடையில விலக்குன்னு பெருசா அறிவிச்சாங்க இல்லையா? அமெரிக்காக்காரனுக்கும் ஐரோப்பாக்காரனுக்கும் அது உதவும், அவங்களுக்கு விசா வேண்டாம். நமக்கு விலக்கு இருக்கு, விசா இல்ல. விசிட்டர் விசா போட்டா "திரும்பிப் போவார்ங்குற நம்பிக்கை இல்லை"ன்னு தள்ளிட்டாங்க. பொண்டாட்டி இங்க இருக்கா, அவளுக்காக பிஆர் (நிரந்தரமா இங்க இருக்குற அனுமதி) போட்டிருக்காரு, அதையே காரணமாக் காட்டித் தள்ளுறாங்க. இப்ப ஏப்ரல் 22லேருந்து இந்தியா விமானமே நிறுத்தியாச்சு.

மார்க்கம் மருமகன்:
அதே கதைதான். அஞ்சு டொலர் கட்டி ஜிசிஎம்எஸ் நோட்ஸ் (குடிவரவு ஒபீஸ் எங்கட பைலில எழுதி வைச்சிருக்கிற குறிப்பு) எடுத்துப் பாருங்கோ, பைல் எங்க படுத்திருக்கு எண்டாவது தெரியும். என்ர நோட்ஸில நாலு மாசமா ஒருத்தரும் தொடேல்ல. வெப்போமில எழுதினால் வாறது ஒரே பதில்: "உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது."

கணக்கர்:
அந்த நோட்ஸிலும் முதலில் பாருங்கள், ஏஓஆர் தேதி என்ன என்று.

வடலி:
ஐயா, பிந்தேல்ல எண்டால் குடிவரவு அமைச்சர் மார்க்கோ மென்டிசினோ ஏன் 2020 புரட்டாதி 24 அண்டு அறிக்கை விட்டவர்? முடிவெடுக்கிற ஆக்களை 66 வீதம் கூட்டிறம், மாசம் 6000 பைல் பாக்கிறம், வருச முடிவுக்குள்ள 49,000 முடிவு எண்டு. அதுக்குக் கொஞ்சம் முந்தித்தான் சனம் மட்டையும் பிடிச்சுக்கொண்டு தெருவில நிண்டது. பிந்தாத வேலைக்கு ஏன் ஆள் கூட்டினவர்?

(திருச்சி அக்கா, புரட்டாதி எண்டால் செப்டம்பர்.)

கணக்கர்:
அந்த 49,000 எல்லாம் ஏஓஆர் வந்த பைல்கள். நான் சொல்வதையே அமைச்சரும் சொல்கிறார்.

உமது பைல் ஏன் நகரவில்லை என்று நான் சொல்கிறேன். மெடிக்கல் முடிந்ததா?

வடலி:
கர்ப்பமா இருக்கேக்க நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க ஏலாது எண்டு பிள்ளை பிறந்த பிறகு பாப்பம் எண்டவை. பிறந்தது ஐப்பசி. பிறகு கொழும்புக்குப் போறதுக்கு பச்சைக் குழந்தையோட 400 கிலோமீற்றர். தள்ளித் தள்ளி சித்திரையில நாள் எடுத்தால், வைகாசியில மாகாணம் விட்டு மாகாணம் போகத் தடை. இதையும் நான்தான் பிந்த வைச்சனான் எண்டு சொல்லப்போறியள்.

கணக்கர்:
நான் சொல்லவில்லை. நீரே சொல்லிவிட்டீர். அதோடு பிறந்த பிள்ளையை விண்ணப்பத்தில் சேர்த்தீரா? சேர்க்காவிட்டால் பிறகு அந்தப் பிள்ளையை ஸ்பொன்சர் செய்வது பெரும் சிக்கல். இதுதான் நான் சொன்ன போம் நிரப்பத் தெரியாமை.

வடலி:
ஐயா நான் 2012இல சிற்றிசன். மகள் பிறக்கேக்கயே கனடியன். அவவை ஏன் ஸ்பொன்சர் செய்ய வேணும்? பிறந்ததை அறிவிச்சாச்சு. பிள்ளை கனடியன், பால் குடுக்கிற தாய்தான் வெளியாள். அதுதான் என்ர வீட்டு நிலை.

கணக்கர்:
குடியுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்ததா?

வடலி:
இன்னும் இல்லை. அதுவும் பிந்துது.

சங்குப்பிட்டி:
பொறுங்கோ பொறுங்கோ. கணக்கர் ஐயா, ஒரே ஒரு கேள்வி. அந்தச் சான்றிதழ் அடுத்த வருசம் வந்தால் பிள்ளை எப்ப இருந்து கனடியன்? பிறந்த நாளிலயோ, பேப்பர் வந்த நாளிலயோ?

கணக்கர்:
பிறந்த நாளிலிருந்து. அது வேறு சட்டம்.

சங்குப்பிட்டி:
ஹா ஹா ஹா. பிள்ளைக்கு பேப்பர் தேவையில்லை, பார்சலுக்குப் பேப்பர் தேவை.

கணக்கர்:
நக்கல் அடிப்பதற்குப் பதில் இல்லை. ஆவணி 14.

பொடியன்88:
அண்ணைமார் குறுக்க வாறதுக்கு மன்னிக்கவும். எனக்குப் பேசி முடிச்சிருக்கு, பொம்பிளை வவுனியா. ரிக்கற் இல்லை, லீவும் இல்லை. இங்க இருந்து சூமில ஐயரை வைச்சு, அங்க எழுத்தும் வைச்சு, அதைக் காட்டி ஸ்பொன்சர் செய்யலாமோ? ஒராள் செய்யலாம் எண்டு சொன்னவர்.

மார்க்கம் மருமகன்:
தம்பி வேண்டாம்! 2015 ஆனி 11இல இருந்து சூம், போன், பதிலாள் கலியாணம் ஒண்டும் ஸ்பொன்சருக்கு எடுபடாது. ரெண்டு பேரும் நேரில ஒரே இடத்தில நிக்க வேணும். படையில இருக்கிற ஆக்களுக்கு மட்டும்தான் விலக்கு. நீங்கள் படையிலயோ?

பொடியன்88:
நான் வெயாஹவுசில.

சங்குப்பிட்டி:
வெயாஹவுஸ் இப்ப படையை விட மோசம்.

திருச்சிக்காரி:
தம்பி, போயிட்டு வந்து கட்டுங்க. அப்புறம் அவங்க கனடாவுக்கு வெளியில இருக்கும்போதே போடுங்க. எப்படியாவது விசா கிடைச்சு இங்க வந்துட்டா "உள்ள இருந்து போடு, வேலை பெர்மிட் வரும்"னு சொல்வாங்க. ஆனா உள்ளேயிருந்து போட்டது தள்ளுபடியானா மேல்முறையீடு கிடையாது. வெளியிலேருந்து போட்டதுக்கு உண்டு.

கணக்கர்:
இந்த ஒரு விடயத்தில் தங்கச்சி சரியாகச் சொல்கிறா. ஆனால் "ஆவணி" விடயத்தில் அல்ல.

வடலி:
திரி என்ரது. பதில் இன்னும் வரேல்ல. உங்கட மருமகள் பத்து மாசத்தில வந்தவ எண்டியளே, அந்தப் பத்தை எங்கயிருந்து எண்ணினியள்? பார்சலிலயோ, ஏஓஆரிலயோ?

(ஆறு மணித்தியாலம் பதில் இல்லை)

சங்குப்பிட்டி:
கணக்கர் புத்தகம் புரட்டுறார்.

கணக்கர்:
நான் சாப்பாட்டுக்குப் போனேன். எல்லோரும் உங்களைப் போல் நாள் முழுக்க இங்கே கிடப்பதில்லை. மருமகளின் விடயம் குடும்ப விடயம். தனிப்பட்ட தேதிகளைப் பொதுவில் போடுவது நாகரிகமல்ல.

வடலி:
என்ர மனுசியின்ர எக்ஸ்ரே பொதுவில, உங்கட மருமகளின்ர கூரியர் துண்டு குடும்ப விசயம்.

மார்க்கம் மருமகன்:
இவர் 2017இல எழுதினது எனக்கு மறக்கேல்ல. "வீட்டு விலை பாதியாகும், ஒருவரும் வாங்காதீர்கள்." அண்டைக்கு நான் மார்க்கத்தில பாத்து வைச்ச வீட்டை விட்டனான். இண்டைக்கு அந்த வீட்டுக் கராஜுக்கும் காசு காணாது. இப்பவும் பேஸ்மென்ற்.

கணக்கர்:
விலை விழுந்தது. 2017 சித்திரைக்குப் பிறகு விழுந்தது. நீர் பார்க்கவில்லை.

மார்க்கம் மருமகன்:
விழுந்தது எழும்பினதைச் சொல்லேல்லயே ஐயா!

கணக்கர்:
எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறீர் என்பதைப் பொறுத்தது.

திருச்சிக்காரி:
இதைத்தானே காலையிலேருந்து எல்லாரும் சொல்றாங்க.

சங்குப்பிட்டி:
அக்காவுக்கு ரொறன்ரோ எழுத வராட்டிலும் கதைக்க வருது.

கணக்கர்:
காலை வணக்கம். இன்று ஆனி 25. வடலியின் விண்ணப்பம்: பத்து மாதம் பதினொரு நாள். 12 ஆகவில்லை.

வடலி:
15 மாசமும் 29 நாளும்.

பொடியன்88:
ஐயா, வட்ஸ்அப் கதைச்சது எத்தினை பக்கம் பிரிண்ட் எடுக்கலாம்? எங்கட 300 பக்கம் வருது.

கணக்கர்:
பத்துப் பக்கம். அதற்கு மேல் வேண்டாம். கூரியர் துண்டைக் கவனமாக வைத்திரும்.

சங்குப்பிட்டி:
கூரியர் துண்டோ? அது ஏன் ஐயா?